தாப்பா போட்ட மத்தியானம்

— கதவைத் தொறங்க மாமா, வாசல்ல காலு சுடுது.

— யாரு, குந்தவையா?

— இந்த வீட்டுக்கு வேற எந்த மருமக வரப்போறா? பட்டப்பகல்ல எதுக்கு தாப்பா போட்டிருக்கீங்க?

— நீ என்னம்மா இந்நேரத்துக்கே வந்துட்டே? காலேஜ் லீவா?

— அத்தைதான் அரை நாள் லீவு போடச் சொன்னாங்க. ‘நான் வேளாங்கண்ணிக்கு மெழுகுவத்தி ஏத்தப் போறேன், ஆப்ரேஷன் பண்ணின மனுசன் தனியா இருப்பாரு, நீ வந்து பாத்துக்க’ன்னு. தொறங்க மாமா.

— நான் நல்லாத்தான் இருக்கேன். நான் என்ன சொல்றேன்னா, நீ பக்கத்துல காத்தாயி வீட்டுல போயி செத்த நேரம் உக்காந்திரு. உங்க அத்தை வந்ததும் சேந்து வாங்க.

— ஏன்? குரலே ஒரு மாதிரி இருக்கே. விழுந்து கிழுந்து வச்சீங்களா? தையல் பிரிஞ்சிருச்சா?

— தையலு ஜம்முனு இருக்கு.

— அப்ப தொறங்க.

— முடியாது.

— சரி, கொல்லைப்பக்கமா வர்றேன்.

— அங்கயும் தாப்பாதான்.

— ஜன்னல் வழியா மூஞ்சியையாவது காட்டுங்க.

— ஜன்னல்கிட்ட வராத! சொன்னா கேளு!

— மாமா, உள்ள யாரு இருக்கா?

— அடிப்பாவி, இந்த வயசுல என்னைப் பாத்து என்ன கேள்வி கேக்குறே?

— பின்ன என்னதான் ஆச்சுன்னு சொல்லுங்க. இல்லேன்னா உங்க மகனுக்குப் போன் போடுவேன். அவரு சிங்கப்பூர்லேருந்தே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிருவாரு. ஊரே கூடிரும்.

— போடாத தாயி! சொல்றேன். ஆனா சிரிக்கக் கூடாது.

— நான் ஏன் சிரிக்கப் போறேன்?

— இந்த எரணியா ஆப்ரேஷன் தையல் இருக்கு பாரு, அதைச் சரியா கைலி முடிச்சு வர்ற எடத்துல போட்டுட்டாரு டாக்டரு. இறுக்கிக் கட்டினா குத்துது. தளர்த்திக் கட்டினா அவுந்து விழுது. காலையில அப்படித்தான், விழுற கைலியைப் புடிக்கப் போயி கையில இருந்த கஞ்சியை அது மேலயே கொட்டிட்டேன். அது வாளியில ஊறுது. இன்னொண்ணு கொல்லைக் கொடியில கெடக்கு. வேட்டியெல்லாம் பீரோவுல. பீரோ சாவி உங்க அத்தை இடுப்புல, வேளாங்கண்ணியில.

— அப்ப இப்ப என்ன கட்டிட்டு இருக்கீங்க?

— ஒண்ணும் கட்டலை.

— ஐயையோ மாமா!

— அட, கட்டலைன்னா... போட்டிருக்கேன். தோள்லேருந்து அப்படியே தொங்குது. இடுப்பைத் தொடவே தொடாது.

— நைட்டியா?

— சத்தமா சொல்லாத!

— மாமா... மாமா...

— சிரிக்க மாட்டேன்னு சொன்னியே.

— சிரிக்கலை, புரையேறிருச்சு. என்ன கலரு?

— அது இப்ப ரொம்ப முக்கியமா? ஊதா. மஞ்ச மஞ்சயாப் பூ.

— மேல துண்டு போட்டிருக்கீங்களா?

— போட்டிருக்கேன். வீட்டுல ஒருத்தரும் இல்ல, ஏன் போட்டேன்னு தெரியலை. கை தானாப் போச்சு.

— ‘நைட்டி மேல ஒரு துண்டைப் போட்டுட்டா அது டிரெஸ்ஸாயிருமா?’ன்னு பொங்கல் விழாவுல மைக்கைப் புடிச்சிப் பேசினது யாரு மாமா? ரேஷன் கடை வரிசையில நிக்கிற பொம்பளைங்களை அந்த வாங்கு வாங்கினீங்களே!

— அது ஊருக்காகப் பேசினது.

— சரி, அது யாரு நைட்டி?

— கெடைச்ச கதையை அப்பறம் பேசுவோம். நீ மொதல்ல கொடியில கெடக்குற கைலியை எடுத்து ஜன்னல் வழியா வீசு. நானே எடுத்திருப்பேன், காத்தாயி வேலிக்கு அந்தப் பக்கம் எருமையைக் குளிப்பாட்டிட்டு நிக்கிறா. அவ கண்ணுல பட்டா ராத்திரிக்குள்ள தஞ்சாவூர் வரைக்கும் தெரிஞ்சிரும்.

— இருங்க... ஐயோ, போச்சு மாமா!

— என்ன, காத்தாயி பாத்துட்டாளா?

— டீக்கடையில மருதையன் மாமா வண்டி நிக்குது. கூட நாலஞ்சு பேரு. வாய்க்கா தூர்வார்ற விஷயமாப் பேசுறவங்கதான். உங்களைத்தான் பாக்க வர்றாங்க போல, கையில ஹார்லிக்ஸ் பாட்டிலு இருக்கு.

— மருதையனா? அவன் பாத்தா ஆயுசுக்கும் விடமாட்டானே! ஓடு, கைலியை எடு!

— எடுக்கறேன். அதுக்கு முன்ன ஒரு விஷயம்.

— இப்ப என்னடியம்மா விஷயம்?

— கல்யாணமாயி வந்த மறுநாளு நைட்டியோட வாசல்ல கோலம் போட்டேன். ஞாபகம் இருக்கா? ஒரு வாரம் என்கிட்ட நீங்க பேசலை. நான் எதிர்லயே நிப்பேன், ‘அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு’ன்னு அத்தைகிட்ட சொல்லுவீங்க.

— பழசை ஏன் கிளறுறே? அவனுங்க வந்துருவானுங்க!

— நாளெல்லாம் காலேஜ் லேபுல மாட்டு ரத்தமும் சாணியும் டெஸ்ட் பண்றேன். ஒரத்தநாட்டுலேருந்து பஸ்ஸுல புடவையோட நசுங்கி வர்றேன். வந்து குளிச்சா மறுபடியும் ஒரு புடவை. இந்த வெயில்ல எனக்கு அழுகையா வரும் மாமா. பாத்ரூம்ல நின்னு நெசமாவே அழுதிருக்கேன். வீட்டுக்கு வந்தும் வீட்டுக்கு வந்த மாதிரியே இல்ல எனக்கு. உங்க மகன் வீடியோ கால்ல அரை டவுசரோட வர்றாரு. அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கீங்களா?

— நான் என்ன சொல்றேன்னா... காலையிலேருந்து இதைப் போட்டுக்கிட்டு ஊஞ்சல்ல உக்காந்திருக்கேன். காத்து கீழேருந்து மேல வரைக்கும் ஓடுது. எங்கயும் இறுக்கலை. இப்படி ஒரு சொகம் இருக்குன்னே எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா அந்த மைக்கைத் தொட்டிருக்க மாட்டேன். அந்த ஒரு வாரம் பேசாம இருந்ததும் தப்புதான்.

— அப்ப?

— போட்டுக்க. வீட்டுக்குள்ள.

— மருதையன் மாமா டீயைக் குடிச்சு முடிச்சிட்டாரு.

— கோலம் போடவும் போட்டுக்க!

— ரேஷன் கடைக்கு?

— துண்டோட!

— அத்தைக்கும் இது உண்டா?

— அவளுக்கு எதுக்கு? மங்களம் அதைக் கையாலகூடத் தொடமாட்டா. கட்டின நாள்லேருந்து அவளைப் புடவையைத் தவிர வேற எதுலயும் நான் பாத்ததில்ல. அவ அப்படி ஒரு பொம்பளை.

— அது சரி. இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க.

— உண்டு, அவளுக்கும் உண்டு! ஓடு தாயி!

— இந்தாங்க கைலி, ஜன்னல் கம்பியில வச்சிருக்கேன். நான் பாக்கலை, அந்தப் பக்கம் திரும்பிட்டேன்.

— எடுத்துட்டேன். மருதையன் எதுவரைக்கும் வந்துட்டான்?

— அவரு ஒரத்தநாட்டுல மாடு பாத்துட்டு நிக்கிறாரு. பஸ் ஏறும்போதுதான் பாத்துட்டு வர்றேன்.

— அப்ப டீக்கடையில நிக்கிறது?

— டீக்கடையே இன்னிக்கு பூட்டிக் கெடக்கு மாமா.

— அடிப்பாவி மகளே!

— குடுத்த வாக்கு குடுத்ததுதான்.

— குடுத்துத் தொலைச்சிட்டேன், போ. ஆனா நீ மட்டும் ரொம்ப யோக்கியமா? நான் வேணாம்னு சொன்னதுக்கு அப்பறமும் இதை வாங்கி ஒளிச்சுத்தானே வச்சிருந்தே?

— நானா? எங்க?

— அரிசி டிரம்முக்குப் பின்னாடி, மஞ்சப்பையில. போன வாரம் எலிப்பொறி வைக்கப் போயி பாத்துட்டேன். பெரிய மனுசனா இருந்து, ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலை.

— மாமா, என்கிட்ட நைட்டியே கெடையாது. நீங்க பேசாம இருந்த அந்த வாரமே எல்லாத்தையும் மூட்டை கட்டி அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டேன்.

— பொய் சொல்லாத.

— சத்தியமா. ஊதாவுல மஞ்சப்பூ போட்டதை நான் கண்ணால பாத்ததுகூட இல்ல.

— அப்ப இது... இரு, மொதல்ல இதைக் கழட்டித் தொலைக்கிறேன். ச்சே, ஜிப்பு மாட்டிக்கிச்சு. இழுக்க இழுக்க வரமாட்டேங்குது.

— பாத்து, கிழிஞ்சிரப் போவுது. இதோ அத்தை வந்துட்டாங்க. வாங்க அத்தை, மாமா உள்ள...

— குந்தவை, அவகிட்ட மட்டும் சொல்லாத!

— எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தாங்க படியேறினேன். அந்த ஜிப்பு அப்படி இழுத்தா வராது. மேல கொஞ்சம் தூக்கிட்டு, அப்பறம் கீழ இறக்குங்க. சீக்கிரம் கழட்டிக் குடுங்க, வெயில்ல வந்திருக்கேன், நான் மாத்திக்கணும்.