பிரேக் பெடலுக்குக் கட்டிய பலாக்கட்டை

1957-ம் ஆண்டு மார்ச் மாதம் 19-ம் தேதி காலை பதினொரு மணிக்கு, ஓசூர் சப் மாஜிஸ்திரேட் அவர்கள் முன்னிலையில் சொல்லக் கேட்டு எழுதியது.

என் பெயர் திம்மப்பன். தகப்பனார் பெயர் முனிசாமி. வயது 41. ஓசூர் ராயக்கோட்டை சாலையில் குடியிருக்கிறேன். அதே சாலையில் தகரக் கொட்டகை போட்டு பஸ், லாரி, கார் ரிப்பேர் செய்து பிழைக்கிறேன். சண்டைக் காலத்தில் பெங்களூரில் ராணுவப் பட்டறையில் வேலை பழகினேன். வீட்டில் பேசுவது தெலுங்கு. தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். என் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். உயரம் இந்த வழக்குக்கு வேண்டியிருப்பதால் அதையும் சொல்கிறேன்.

இதே விஷயமாக இம்மாதம் 8-ம் தேதி, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, போலீசாரிடம் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் காரின் பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னேன். அது பொய். யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. பயத்தில் நானே சொன்னேன். அந்தப் பொய்யால், பிரேக் இல்லாத காரை ரோட்டில் விட்டு கான்ஸ்டபிள் சென்னப்பன் சாவுக்குக் காரணமானவர் என்று காரின் சொந்தக்காரர் நாராயணப்பன் சப் ஜெயிலில் இருக்கிறார். இன்று நானாக வந்திருக்கிறேன். நான் சொல்வது எனக்கு எதிராகவே திரும்பலாம் என்று கோர்ட்டார் எச்சரித்தார்கள். புரிந்தது. உட்கார்ந்து சொல்ல அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள்.

நாராயணப்பன் பாகலூர் பக்கத்து நிலக்காரர். வயது இருபத்தெட்டு இருக்கும். உயரம் ஆறடி நாலு அங்குலம், நான் அளந்தது. ஜனவரி மாதக் கடைசியில் ஒரு சிவப்புக் காரை என் கொட்டகைக்கு ஓட்டி வந்தார். சீமைக்குத் திரும்பிப் போகும் ஒரு துரையிடம் பெங்களூரில் வாங்கியதாகச் சொன்னார். பந்தயத்துக்கு ஓட்டும் ரகம், இரண்டு பேர்தான் உட்காரலாம், கதவு என் இடுப்புக்குக்கூட வராது. அவர் அதிலிருந்து இறங்குவதைப் பார்த்து எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முதலில் தலை வந்தது, பிறகு ஒரு கால் வந்தது, மற்றக் கால் வருவதற்குள் ஒருவர் டீயைக் குடித்து முடித்துவிட்டார். உள்ளே உட்கார்ந்தால் அவருடைய முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கை இருபக்கமும் முட்டிக்கொண்டு நிற்கும். பிரேக்குக்குக் காலைத் தூக்கினால் ஸ்டியரிங்கும் சேர்ந்து திரும்பும். தலை முன்கண்ணாடிக்கு மேலே நிற்பதால் கண்ணில் புழுதி அடிக்கும். “வித்துடுன்னு எல்லாரும் சொல்றாங்க திம்மப்பா. எனக்கு மனசு வரல. என் காலை வெட்டாம காரை வெட்ட முடியுமா பாரு” என்றார்.

அதன் பிறகு நான் அவரைக் கொட்டகைச் சுவரில் முதுகு சாய்த்துத் தரையில் உட்காரவைத்து, காலை நீட்டச் சொல்லி, தலை, தோள், முழங்கால், குதிகால் எல்லாவற்றுக்கும் கரியால் கோடு போட்டுக்கொண்டேன். அந்தக் கோடுகள் இன்னும் சுவரிலும் தரையிலும் இருக்கின்றன. கோர்ட்டார் வந்து பார்க்கலாம். பிறகு சீட்டின் ஸ்பிரிங், மெத்தை இரண்டையும் எடுத்துவிட்டு, அடிப்பலகைமேல் இரண்டு விரல் கனத்துக்குத் தேங்காய் நார் பரப்பித் தோல் தைத்தேன். சீட்டை முன்னும் பின்னும் தள்ளுவதற்கு அடியில் இரண்டு இரும்புத் தண்டவாளம் இருந்தது. அதுவும் உயரத்தைத் தின்றதால் கழற்றிப் போட்டுவிட்டு, சீட்டைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கினேன். அதன் பிறகு அந்தச் சீட்டு இருந்த இடத்தை விட்டு அசையாது. சீட்டுக்குப் பின்னால் இருந்த தடுப்புப் பலகையை அறுத்து, முதுகுச் சாய்மானத்தை மூன்றரை அங்குலம் பின்னுக்குத் தள்ளினேன். பெடல்களின் தண்டைக் காய்ச்சி வளைத்து இரண்டு அங்குலம் முன்னுக்குக் கொண்டுபோனேன். குதிகால் இறங்கி உட்காருவதற்காகத் தரைப்பலகையில் இரண்டு ஓட்டை போட்டு, அடியில் தகரத்தில் கிண்ணம் மாதிரி அடித்து மாட்டினேன். கதவுப் பலகையை முழங்கை போகும் அளவுக்குக் குடைந்தேன். ஐந்து வாரம் ஆயிற்று. பிரேக்கில் நான் கைவைத்தது தண்டை வளைத்தது மட்டும்தான். அது நன்றாகப் பிடித்தது. என் வேலையில் எனக்குக் கர்வம் உண்டு. பிரேக் பிடிக்காத வண்டியை நான் கொட்டகைக்கு வெளியே விட்டதில்லை.

வேலை முடிந்த பிறகு காரை ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தேன். எனக்குக் கால் எட்டவில்லை. ஆக்சிலேட்டரில் நுனிவிரல் பட்டது, அதற்கு அது போதும். பிரேக்கையும் கிளட்சையும் அழுத்த முடியவில்லை. ஆகையால் பலா மரத்தில் இரண்டு கட்டை செய்தேன். ஒவ்வொன்றும் ஐந்தரை அங்குலம். கனமாக இருந்தால் கட்டையின் பாரத்திலேயே பெடல் இறங்கிவிடும் என்று, கட்டையை உள்ளே குடைந்து, அடியில் தகரம் வைத்து ஆணி அடித்தேன். பெடலோடு கட்டத் தோல்வார் வைத்தேன். இந்தக் கட்டைகளை வைத்து ராயக்கோட்டை வரை போய் வந்தேன். நாராயணப்பனிடம் இதைச் சொல்லவில்லை. அவருக்காகச் செய்த காரை நான் காலில் கட்டை வைத்து ஓட்டினேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

இம்மாதம் 6-ம் தேதி புதன்கிழமை காலை, கட்டைகளைக் கட்டிக்கொண்டு நான் மட்டும் காரை ஓட்டிப்போய், அவர் நிற்பதாகச் சொன்ன இடத்துக்குச் சற்று முன்பாகவே நிறுத்தி, கட்டைகளை அவிழ்த்து என் சாக்குப் பையில் போட்டுக்கொண்டேன். அதன் பிறகு அவர் நடந்து வந்து ஏறி உட்கார்ந்து காலை நீட்டினார். முழுதாக நீண்டது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு நாங்கள் இருவரும் அத்திப்பள்ளி வரை போய்த் திரும்பினோம். வழியில் மாடு ஒன்று குறுக்கே வந்தபோது அவர் பிரேக் போட்டார். கார் உடனே நின்றது.

திரும்பி வரும்போது ஜூஜுவாடி தாண்டி மதுவிலக்குச் சோதனைக்காக நிறுத்தினார்கள். மைசூர் ராஜ்யத்திலிருந்து வரும் எல்லா வண்டிகளையும் பார்ப்பது போலத்தான் எங்களுடையதையும் பார்த்தார்கள். தரையில் தகரக் கிண்ணத்தையும், கதவில் குடைந்ததையும், சீட்டுக்குப் பின்னால் அறுத்ததையும் பார்த்த ஏட்டு, “பாட்டில் வைக்கத்தானே இத்தனை பொந்து?” என்றார். நாராயணப்பன் இங்கிலீஷில் சத்தம் போட்டார். அவரைச் சோதனைச் சாவடிக்கு உள்ளே உட்காரவைத்து விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள்.

நான் அப்போது பயந்த பயத்துக்குக் காரணம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் மரப் பாலிஷுக்காகப் பெங்களூரிலிருந்து ஸ்பிரிட் வாங்கி வந்தபோது, அதைச் சாராயம் என்று நினைத்து என்னைப் பிடித்தார்கள். அது பாலிஷ் ஸ்பிரிட்தான் என்று சோதனையில் தெரிந்து என்னை விடுவதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாள் என் மனைவி செல்லி லாக்கப் வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஏட்டு என் பையைக் காட்டி என்ன என்று கேட்டதும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. உள்ளே குடைந்து தகரம் அடித்த கட்டை இரண்டு பையில் இருக்கிறது. சாராயக் கால் பாட்டில் ஒன்று அதில் தாராளமாக அடங்கும். யார் பார்த்தாலும் அதற்கென்றே செய்தது என்றுதான் சொல்வார்கள். ஆகையால், “சாமான்கள் சாமி, ஸ்பேனர், சுத்தி” என்று சொன்னேன். பையின் வாயில் ஸ்பேனர் தெரிந்தது. ஏட்டு மேற்கொண்டு பார்க்கவில்லை.

அதன் பிறகு, இந்தக் காரை இதுவரை யார் ஓட்டிப் பார்த்தது என்று ஏட்டு கேட்டார். நான்தான் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கான்ஸ்டபிள் சென்னப்பனைக் கூப்பிட்டு, “இந்த மேஸ்திரியே ஓட்டியிருக்கான். நீ அவனை விட அரை அடி உசரம். காரையும் ஆளையும் ஓசூர் ஸ்டேஷன்ல சேத்துடு” என்றார். நான் சொன்னதை நம்பித்தான் ஏட்டு அப்படிச் சொன்னார். அவர்மேல் தப்பு இல்லை.

சென்னப்பன் போலீசில் சேரும் முன் லாரி ஓட்டியவராம். “லாரியே ஓட்டுனவன், இந்தத் தீப்பெட்டி எனக்கு என்னா” என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார். கால் எட்டவில்லை. சீட்டை முன்னால் தள்ள அடியில் கைவிட்டுத் தேடினார். நான் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டேன் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, சீட்டில் நழுவி நீண்டு படுத்த மாதிரி கிளட்சை மிதித்து, பத்துக் கஜம் ஓட்டி, அதே மாதிரி படுத்துப் பிரேக்கை மிதித்து நிறுத்திக் காட்டினார். ஏட்டும் சரி என்றார். நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். பை என் மடியில் இருந்தது. இந்த இடத்தில் நான் கட்டையைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் சொல்லலாம், ஆள் இல்லாத இடத்தில் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

வழியில் அவர் எனக்குப் பீடி கொடுத்தார். நான் அதைப் பற்றவைக்காமல் வைத்திருப்பதைப் பார்த்து, “பயப்படாத மேஸ்திரி. இன்ஸ்பெக்டரு நல்ல மனுசன். உள்ளதைச் சொன்னா விட்டுடுவாரு” என்றார். அப்போது ரோட்டில் ஆள் இல்லை. அப்போதும் நான் சொல்லவில்லை.

ஓசூருக்கு ஒரு மைல் முன்னால் சாலை இறங்கி ஓடைப் பாலத்துக்குப் போகிறது. இறக்கத்தில் கார் வேகம் எடுத்தது. கீழே பாலத்தின்மேல் வைக்கோல் பாரம் ஏற்றிய கட்டை வண்டி ஒன்று நின்றிருந்தது. சென்னப்பன் பிரேக்குக்காக நழுவிப் படுத்தார். படுத்தால் தலை கீழே போய் ரோடு தெரியவில்லை. கார் ஓரத்துக்கு இழுத்தது. ரோட்டைப் பார்க்க நிமிர்ந்தார், கால் பெடலை விட்டுவிட்டது. மறுபடி படுத்தார், மறுபடி நிமிர்ந்தார். காலை நீட்டினால் ரோடு தெரியாது, ரோட்டைப் பார்த்தால் கால் எட்டாது. அப்போது என் பக்கம் திரும்பி, “உனக்கு எப்பிடிப்பா எட்டுச்சு?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பையின் வாயை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு நான் கைப்பிரேக்கை இழுத்தேன். காரின் பின்பக்கம் சுற்றிக்கொண்டு வந்து, வலது பக்கம் புளியமரத்தில் அடித்தது. அவர் இருந்தது வலது பக்கம். எனக்கு இடது தோள் எலும்பு முறிந்தது. வண்டிக்காரர் ஓடிவந்து என்னை இழுத்து வெளியே போட்டார். சென்னப்பனைக் கூப்பிட்டேன். அவர் கண் திறந்திருந்தது. பேச்சு இல்லை.

ஆஸ்பத்திரியில் 8-ம் தேதி பிரேக் இருந்ததா என்று கேட்டார்கள். எட்டவில்லை என்று சொன்னால், உனக்கு எப்படி எட்டியது என்று அவர்களும் கேட்பார்கள் என்று தோன்றியது. ஆகையால் பிடிக்கவில்லை என்று சொன்னேன். 12-ம் தேதி என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். பையையும் கொடுத்தார்கள். யாரும் அதைப் பிரித்திருக்கவில்லை.

மறுநாள் காலை செல்லி குடத்தோடு தண்ணீருக்குப் போன சமயம், கிளட்ச் கட்டையை எடுத்து அடுப்பில் வைத்தேன். அது எரிந்தது. பிரேக் கட்டையைக் கையில் எடுத்தபோது செல்லி வந்துவிட்டாள். “தோல் நாத்தம் குடலைப் புடுங்குது, என்னத்த எரிக்கறீங்க?” என்றாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கட்டையை என் கையிலிருந்து வாங்கி அரிசிப் பானைக்குள் புதைத்து மூடினாள். “அந்த நெட்டை மனுசன் உங்களை நம்பித்தானே ஏறுனாரு” என்றாள். அதன் பிறகு தினமும் அவள் அந்தப் பானையிலிருந்துதான் அரிசி எடுத்தாள். ஆறு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று காலை நானே பானையில் கைவிட்டுக் கட்டையை எடுத்துக்கொண்டு வந்தேன். செல்லி வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள்.

கோர்ட்டார் கேட்டதற்குச் சொல்வது: நாராயணப்பனுக்குக் கட்டை விஷயம் இன்றுவரை தெரியாது. கார் புறப்பட்டபோது அவர் உள்ளே எழுதிக்கொண்டிருந்தார். காரில் மது எதுவும் இல்லை. இப்போது மேஜைமேல் வைத்திருப்பதுதான் பிரேக் கட்டை. கோர்ட்டார் உத்தரவின்பேரில் இதை என் முன்னால் அளந்தார்கள், ஐந்தரை அங்குலம் இருந்தது. அடித்தகரத்தைப் பெயர்த்தார்கள். உள்ளே மரத்தூளும், தகர இடுக்கு வழியாகப் புகுந்த நாலு அரிசியும் இருந்தன. கார் ஸ்டேஷன் வளாகத்தில் நிற்கிறது. அதன் முன்பக்கம் அடிபடவில்லை. இந்தக் கட்டையைப் பெடலில் கட்டி என்னை உட்காரவைத்தால் பிரேக் பிடிப்பதை நான் காட்டுகிறேன். சென்னப்பன் என்னைக் கேட்டதற்கு இதுதான் பதில். கேட்டபோது அது என் மடியில் இருந்தது.

மேலே எழுதியதை எழுத்தர் இரண்டு தடவை படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. பயந்துகொண்டேதான் சொன்னேன், இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இதில் உள்ளது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) மு. திம்மப்பன்