சாவி எடுத்துட்டு வரேன்

விடியற்காலை ஐந்தரை மணி. கடலை ஒட்டிய சாலை. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் வண்டி இல்லை. ஒரு பக்கம் அலைச் சத்தம், இன்னொரு பக்கம் முள்புதர். தெருவிளக்குகள் வரிசையாக நின்றன... ஒன்றுகூட எரியவில்லை. அந்தச் சாலையில் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள் போய்க்கொண்டிருந்தது.

ஓட்டியவர் என் நண்பனின் சித்தப்பா. இது அவருக்கு நடந்தது. நண்பன் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். கண் காது மூக்கு வைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... கதவைச் சாத்த வேண்டாம், திறந்தே இருக்கட்டும்.

சித்தப்பாவுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பாதியில் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பவர் அவர்தான். நாள் பூராவும் மேலும் கீழும் போய் வந்தும் வாழ்க்கையில் ஒரு மாடிகூட ஏறவில்லை என்று சித்தி கிண்டல் செய்வார். ஆனால் தொழிலில் மனுஷன் கெட்டி. லிஃப்ட் கதவுக்கு வெளியே வந்து நின்றதும் கருவியைத் தொடமாட்டார். முதலில் குரல் கொடுப்பார்.

"பயப்படாதீங்க. ஆள் வந்தாச்சு."

உள்ளே அழுகை நிற்கும். கதவைத் தட்டுகிற சத்தம் நிற்கும். அதன் பிறகுதான் சாவி, திருப்புளி எல்லாம். மாட்டிக்கொண்டவர்களிடம் அவர் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. பத்து நிமிஷம் ஆகும் என்றால் பத்து நிமிஷம்.

வருஷத்துக்கு ஒரு தடவை லீவு போட்டுவிட்டுத் தனியாக வண்டியில் கிளம்பிவிடுவார். அந்தத் தடவை கடலோரமாகவே போனார். வழியில் ஒரு சின்ன ஊர். புயல் அடித்து ஓய்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அங்கே ஒரு லாட்ஜில் தங்கினார். லாட்ஜை நடத்துகிற அம்மாள் சாவியைக் கொடுக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"நாளைக்குக் காலையில கடற்கரைய சுத்தம் பண்றோம் சார். ஊர்ல எல்லாரும் வருவாங்க. புயலுக்கு அப்புறம் குப்பை மலையா ஒதுங்கிக் கிடக்கு. சும்மாத்தானே இருக்கீங்க, வாங்களேன்."

"சும்மா இருக்கத்தாங்க லீவே போட்டேன்" என்று சித்தப்பா சிரித்தார். ஆனால் வரமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்படித்தான் அந்த விடியற்காலையில் அந்தச் சாலையில் போய்க்கொண்டிருந்தார்.

போய்ச் சேர்ந்தபோது மணல் மேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பை லாரி நின்றிருந்தது. மேட்டைத் தாண்டினால் கடற்கரை. ஒரு ஐம்பது பேர் இருந்தார்கள். எல்லோரையும் மேய்த்தவர் ஒரு விளையாட்டு ஆசிரியர். கழுத்தில் விசில். ஊரே அவரை விசில் சார் என்றுதான் கூப்பிட்டது. சித்தப்பாவின் கையில் ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் ஒரு சாக்கும் வந்து சேர்ந்தன.

வேலை நன்றாகத்தான் போனது. பாட்டில்கள், தெர்மாகோல் துண்டுகள், செருப்புகள். அத்தனையும் ஒற்றைச் செருப்பு, ஒரு ஜோடிகூடத் தேறவில்லை. வெயில் ஏறியது. முன்பின் தெரியாத ஜனங்கள் அவரை "அண்ணே, அண்ணே" என்று சொந்தக்காரர் மாதிரி ஏவினார்கள். சித்தப்பாவுக்கு அது பிடித்திருந்தது.

அப்போதுதான் அந்த வலையைப் பார்த்தார்கள்.

பச்சை நைலான் வலை. ஒரு மூலை மட்டும் மணலுக்கு மேலே முழம் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தார்கள். வரவில்லை. பத்துப் பேர் சேர்ந்து இழுத்தார்கள். அசையவில்லை. சரி என்று மண்வெட்டி கொண்டுவந்து சுற்றித் தோண்டினார்கள். இடுப்பளவு. மார்பளவு. வலை இன்னும் கீழே போய்க்கொண்டே இருந்தது.

சித்தப்பாவுக்கு அப்போதே ஏதோ உறுத்தியது. கரை ஒதுங்கிய வலை மணலில் படுத்துக் கிடக்க வேண்டும். இது செங்குத்தாக இறங்கியது... முறுக்கேறி, விறைப்பாக. லிஃப்ட் பெட்டியைத் தாங்குகிற கம்பிவடம் போல. கீழே ஏதோ கனம் தொங்குகிறது என்று அவர் கை சொன்னது.

விசில் ஊதியது. எல்லோரும் தண்ணீர் குடிக்க மேட்டைத் தாண்டி லாரிப் பக்கம் போனார்கள்.

"வாங்க சார், அப்புறம் பாத்துக்கலாம். கடல் வேற ஏறுது" என்றார் விசில் சார்.

"நீங்க போங்க, இந்த முடிச்ச மட்டும் அறுத்துட்டு வந்துடறேன்."

கை வைத்த வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் சித்தப்பாவுக்குக் கிடையாது. ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். குனிந்து, வலையை எட்டுமட்டும் கீழே பிடித்து, அறுக்கத் தொடங்கினார்.

கரகரவென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஒரு பக்கச் சுவர் அப்படியே சரிந்தது. நிமிர்ந்த கணத்தில் மறுபக்கமும்.

மார்பு வரைக்கும் மணல். கத்தி பிடித்த கை உள்ளே. இடது கை மட்டும் வெளியே. கால்களை அசைக்கப் பார்த்தார்... கால்கள் இருக்கிற மாதிரியே தெரியவில்லை. கத்தினார். மேட்டுக்கு அந்தப் பக்கம் லாரியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சிரித்தார்கள். அவ்வளவு பக்கம். அவர்கள் சிரிப்பது இவருக்குக் கேட்டது, இவர் கத்துவது அவர்களுக்குக் கேட்கவில்லை.

அதைவிட மோசம் மூச்சு. மூச்சை வெளியே விட்டதும், மார்பு இறங்கின இடத்தை மணல் பிடித்துக்கொண்டது. திரும்ப இழுக்க இடம் குறைந்தது. அடுத்த மூச்சுக்கு இன்னும் குறைந்தது. ஒரு அலை குழியின் விளிம்பு வரை வந்து, நுரையைச் சிந்திவிட்டுப் போனது.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் எப்படிப் பதறுவார்கள் என்று அவருக்குத் தெரியும். பதறினால் மூச்சு சீக்கிரம் தீரும் என்றும் தெரியும். அதனால் தனக்குத்தானே, வாய்விட்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

"பயப்படாதீங்க... ஆள் வந்தாச்சு."

கீழே ஏதோ நின்றது.

அதுவரை காலுக்கடியில் லேசாக ஒரு அதிர்வு இருந்திருக்கிறது. அலையின் அதிர்வு என்று நினைத்திருந்தார். அது நின்ற பிறகுதான் அது அலை இல்லை என்று புரிந்தது. அலை இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

மார்பை ஒட்டிய மணலிலிருந்து ஒரு நெடி கிளம்பியது. மீன் வாடை இல்லை, பாசி வாடை இல்லை. அவருக்கு நன்றாகப் பழகின நெடி. நெடுநேரம் பூட்டிக் கிடந்த லிஃப்டைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே... பல பேர் விட்ட மூச்சு, வேர்வை, பயம். அந்தக் காற்று.

"வந்துட்டீங்களா?"

ஒரு பெண் குரல். மணலுக்குள்ளிருந்து. பேயின் குரல் போலவே இல்லை என்று சித்தப்பா அடித்துச் சொன்னாராம். கதவுக்குப் பின்னாலிருந்து எத்தனையோ தடவை கேட்ட குரல். மரியாதையான, களைத்துப்போன குரல்.

அதற்குப் பின்னால் இன்னொரு குரல், ஆண். "நான்தான் சொன்னேன்ல... வருவாங்கன்னு."

பிறகு ஒரு கை அவர் கணுக்காலைப் பிடித்தது.

ஊறிப்போன கை. நாள் முழுக்கத் துணி துவைத்த விரல் போலச் சுருங்கியிருந்தது. இன்னொரு கை மற்ற காலைப் பிடித்தது. அப்புறம் முழங்கால். அப்புறம் இடுப்பு பெல்ட். அவரைக் கீழே இழுக்கவில்லை. அவர்மேல் ஏறினார்கள். ஏணியில் ஏறுவது போல. அவசரமாக, ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு... ஒவ்வொரு பிடிக்கும் அவர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினார். மணல் தோளைத் தொட்டது. கழுத்தைத் தொட்டது.

அலறல் வரவில்லை. வந்தது தொழில் பேச்சுதான்.

"தள்ளாதீங்க! ஒருத்தர் ஒருத்தரா! அப்படியே நில்லுங்க!"

நின்றார்கள்.

சொன்னபடி நின்றார்கள்! இந்த இடத்தை என் நண்பனிடம் சொல்லும்போதுதான் சித்தப்பா அழுதாராம். கட்டியணைத்தபடி அத்தனை கைகளும் அப்படியே நின்றன. மூச்சுவிடாமல் காத்திருந்தன. அலை ஒன்று வந்து அவர் வாயில் உப்பை ஊற்றிவிட்டுப் போனது.

துப்பிவிட்டுச் சொன்னார். "நான் ஒரு ஆளா எதுவும் பண்ண முடியாதுங்க. என்னை விடுங்க. சாவி எடுத்துட்டு வரேன்."

 பிறகு அந்தப் பெண் குரல், ரொம்ப மெதுவாக: "நெசமா வருவீங்கல்ல?"

"வருவேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டுப் போறாங்க."

"நான் வருவேன்மா."

கைகள் ஒவ்வொன்றாக விட்டன. இடுப்பு... முழங்கால்... கணுக்கால். கடைசியாக ஒரு சின்னக் கை மட்டும் அவர் பேண்ட் விளிம்பைப் பிடித்துக்கொண்டே இருந்தது. யாரோ அதை விலக்கிவிட்டது போலிருந்தது. அதுவும் போனது.

அப்போதுதான் மேட்டின்மேல் விசில் சாரின் தலை தெரிந்தது. விசிலை வாயில் வைத்து ஊதியபடியே ஓடிவந்தார். ஐம்பது பேரும் கையாலும் தட்டாலும் மணலை வாரினார்கள். இடுப்பு வெளியே வந்ததும் நாலு பேர் தோளைப் பிடித்துத் தூக்கினார்கள். கார்க் கழன்ற மாதிரி வந்தார். காலில் ஷூ இல்லை, சாக்ஸ் இல்லை. வலை அறுந்து கையோடு வந்துவிட்டது.

"பொழச்சீங்க சார்! இன்னும் ரெண்டு அலை வந்திருந்தா..." என்றார் விசில் சார்.

"கீழ தோண்டுங்க" என்றார் சித்தப்பா. "இன்னும் கீழ. தோண்டுங்க!"

அதிர்ச்சியில் பேசுகிறார் என்று நினைத்து அவரைப் போர்வையில் சுற்றி லாரியில் ஏற்றினார்கள். குழியை மூடினார்கள். மேலே கடல் ஏறியது. அன்று மதியமே சித்தப்பா அந்த ஊரை விட்டுக் கிளம்பினார், கடலோரச் சாலையில் இல்லை, உள்நாட்டுப் பக்கம் போகிற சாலையில். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தவர் லிஃப்ட் வேலைக்குப் போகவில்லை. கம்பெனியில் உதிரிபாகக் கிடங்கில் உட்காரும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சித்தி கேட்டதற்கு முதுகு வலி என்றார். இரண்டு தடவை லிஃப்ட் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினாராம். அது எந்தப் பூட்டுக்கு என்று அவருக்கே தெரியாது. ஊர் எல்லை வரைகூடப் போக முடியவில்லை.

என் நண்பனிடம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். "நான் பொய் சொல்லலடா. சொன்னப்போ வரணும்னுதான் நெனச்சேன்."

சில மாதம் போனது. ஒரு சாயங்காலம் லாட்ஜ்காரம்மா போன் செய்தார். என் நண்பன் அப்போது சித்தப்பாவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் காதிலும் எல்லாம் விழுந்தது.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? விசில் சார் உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாரு. அன்னிக்கு அந்தக் குழிக்குள்ள எதையாவது பாத்தீங்களா?"

"எதுக்குக் கேக்குறாரு?" என்றார் சித்தப்பா.

"இல்லண்ணே... அன்னிக்கே மூடினோம்ல. மறுநாள் பாத்தா தெறந்திருக்கு. மண்ணு உள்ள சரியல, வெளியில தள்ளியிருக்கு."

"நாய் தோண்டியிருக்கும்" என்றார் சித்தப்பா.

"நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். திரும்ப மூடினோம். அப்புறம் அங்க தெறக்கல. மணல் மேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு குழி. அதை மூடினா லாரி நிறுத்துற எடத்துல ஒண்ணு. போன வாரம் எங்க லாட்ஜ் வாசல்ல. இன்னிக்குக் காலையில தார் ரோட்டையே பொளந்திருக்கு அண்ணே."

சித்தப்பா எழுந்து நின்றார். "எந்த ரோடு?"



"கடலோர ரோடு இல்ல, அண்ணே. நீங்க ஊருக்குக் கெளம்பிப் போனீங்களே... அந்த ரோடு."