தம்பியைவிடப் பெரிய பேட்டரி

கேளம்பாக்கத்தில் ஏறிய ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு நண்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகம் கடுகடுவென்றிருந்தது.

“என் தம்பியோட கேம்பிங் வேன்ல கீற பேட்டரிய விட பெருசா ஒண்ணு சொல்லு மச்சான்.”

“உன் வேன்ல கீற பேட்டரிக்கு இன்னா?”

“கடப்பாக்கத்துல ரெண்டு வேனையும் போட்டோம். ராத்திரி என் ஃபேன் நின்னு போச்சு. ‘சித்தப்பா வேன்ல ஜில்லுனு கீது’ன்னு என் பொண்ணு தலகாணிய தூக்கினு அங்க பூட்டா.”

“பகல்ல எங்க நிறுத்தின?”

“சவுக்கு நிழல்ல. அவன் வெயில்ல.”

“நிழல்ல வேன் மேல கீற சோலார் பேனல் எப்படி பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தும்? வெயில்ல நிறுத்து, போதும்.”



“அவனும் அதையேதான் சொன்னான். நீ பெரிய பேட்டரியாவே சொல்லு.”