மூன்றாம் மாடிச் சுவரில் ஒரு கட்டைவிரல் துளை

ஏழாம் மாடியில் குடியிருந்தும் லிப்டை நம்பாமல் ஏறி இறங்கும் அவைத்தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர்களே, பேசுவோருக்குப் பத்து நிமிடம் என்று கறாராகச் சொல்லிவிட்டுத் தாம் மட்டும் அரைமணி நேரம் பேசிய செயலாளர் அவர்களே, தொண்ணூற்றாறு வீடுகளையும் தாங்கும் தாய்மார்களே, பால்கனியில் காற்று வாங்கவும் வீட்டுக்குள் பேச்சு வாங்கவும் பழகிய பெரியோர்களே, முதல் வரிசையில் தொண்டையில் துணி சுற்றி அமர்ந்திருக்கும் என் அத்தான் அவர்களே, இத்தனை பேருக்கும் பின்னால், கதவைத் தோளால் தாங்கியபடி, உள்ளே வரலாமா கூடாதா என்று தயங்கி நிற்கும் கேபிள்காரர் அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கேபிள்காரருக்கு ஏன் இந்த வரிசையில் இடம் என்று சிலர் புருவத்தை உயர்த்துகிறீர்கள். காரணம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

செயலாளர் என்னைக் ‘கட்டடத்தைக் காத்த கரங்கள்’ என்றார். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் என் தொழில் அவ்வளவு அலங்காரமானதல்ல. நான் ஓட்டை அடைக்கிறவன். கொத்தனார் சுவரை எழுப்புவார். குழாய்க்காரர் வந்து அதில் ஒரு ஓட்டை போடுவார். மின்வேலைக்காரர் வந்து மூன்று போடுவார். ஏசிக்காரர் வந்து, தலையே நுழையும்படி தாராளமாக ஒன்று போடுவார். எல்லோரும் போன பிறகு கடைசியில் நான் வருவேன். ஓட்டையில் கல்பஞ்சை, அதாவது தீப்பிடிக்காத கல்நார்ப் பஞ்சு போன்றதை, அடைப்பேன். சூடு பட்டால் உப்பிக்கொள்ளும் பசையை அதன்மேல் பூசுவேன். எந்தத் தேதியில் யார் அடைத்தது என்று பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டுவேன். இந்தக் கட்டடத்துப் பிள்ளைகள் என்னை ‘ஓட்டை மாமா’ என்று அழைப்பதும் எனக்குத் தெரியும். பரவாயில்லை, பொருத்தமான பட்டம்.

அவையோரே, தீயிலிருந்து நம்மைக் காப்பவை இரண்டு வகை. ஒன்று வேலை செய்வது தெரியும். மணி அலறும், தண்ணீர் சீறும், சிவப்பு விளக்கு சுழலும். அவற்றுக்குப் பேரும் உண்டு, புகழும் உண்டு. இன்னொன்று வேலை செய்வதே தெரியாது. சுவர் அலறுமா? கதவு சீறுமா? அடைத்த ஓட்டை ஆடிப்பாடுமா? அவை நிற்கும். நேற்று நின்றது போலவே இன்றும் நிற்கும். தீ வருகிற நாளில் மட்டும் அந்த நிற்றலுக்கு ஒரு பொருள் பிறக்கிறது. ஓர் அறையில் பிடித்த தீயை அந்த அறையிலேயே பூட்டி வைக்கிறது. நாம் நடந்து இறங்குவதற்கு நேரம் வாங்கித் தருகிறது.

இருபத்திரண்டு நாட்களுக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. மூன்றாம் மாடியில், எல்லா வீட்டு மின்கம்பிகளும் டிவி கேபிள்களும் கூடுகிற கம்பி அறையில் தீப்பிடித்தது. நாற்பது நிமிடம் எரிந்தது. உள்ளே இருந்த கம்பியெல்லாம் கரியாயிற்று. ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம், நடைபாதையில் சுண்ணாம்புகூட நிறம் மாறவில்லை. நான்காம் மாடியில் ஒருவர் அப்போதும் முகச்சவரம் செய்துகொண்டிருந்தாராம். தீயணைப்பு வண்டி வந்து நின்ற பிறகுதான் பாதிக் கன்னத்தில் நுரையோடு இறங்கி வந்தார். இங்கே எங்கோதான் இருக்கிறார், திரும்பிப் பார்க்காதீர்கள்.

இதெல்லாம் நம் அறிவின் அடையாளமா? அனுபவத்தின் ஆற்றலா? இல்லை ஐயா, இல்லை. அந்தக் கம்பி அறைக் கதவின் தலையில் ஓர் இரும்புக் கை உண்டு. திறந்த கதவைத் தானே இழுத்துச் சாத்தும். சாத்தும்போது ‘டம்’ என்று சத்தம் வரும். எதிர்வீட்டில் இருக்கும் தையல்காரம்மாவுக்கு அந்தச் சத்தம் ஆகாது. ஊசி துணியில் இறங்கும் நேரத்தில் ‘டம்’ என்றால் தையல் கோணிக்கொள்ளும் அல்லவா? ஆகவே ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துக் கதவைத் திறந்தே வைத்தார். இரண்டு வருடம் அந்தச் செங்கல் அசையவில்லை. துடைப்பம் வைக்கப் போனவர்கள், அட்டைப்பெட்டி போடப் போனவர்கள், நான் உள்பட, எல்லோரும் தாண்டித்தான் போனோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அம்மாவின் தையல் மெஷின் ஒரு பக்கம் ஆடியது. முட்டுக் கொடுக்க ஏதாவது வேண்டுமே என்று சுற்றுமுற்றும் பார்த்தார். செங்கல் கண்ணில் பட்டது. எடுத்துக்கொண்டு போய்விட்டார். கதவு ‘டம்’ என்று சாத்திக்கொண்டது. ஒன்றரை மணி நேரத்தில் தீ.

தையல்காரம்மா முந்தானையால் முகத்தை மூடிச் சிரிக்கிறார். சிரியுங்கள் அம்மா. தொண்ணூற்றாறு வீடுகளைக் காத்தது நம் சங்கம் அல்ல, நான் அல்ல, ஆடிய ஒரு மெஷின் கால். அதற்கும் சேர்த்து ஒரு கைத்தட்டல் கொடுங்கள்.

போதும். இனி நான் சொல்லப்போவதற்குக் கைத்தட்ட மாட்டீர்கள்.

கதவு தாங்கியது, தளம் தாங்கியது, சுவர் தாங்கியது என்பீர்கள். சுவரில் ஓர் இடம் தாங்கவில்லை. கம்பி அறைக்கு அடுத்த வீடு என் அக்காவின் வீடு. நடுவில் இருப்பது ஒரே சுவர். அதற்கு அந்தப் பக்கம் தீ, இந்தப் பக்கம் படுக்கையறை. என் அத்தானுக்கு அச்சகத்தில் இரவு வேலை. பதினொரு மணி என்பது அவருக்கு நடுத்தூக்கம். அக்கா வேலைக்குப் போயிருந்தாள். துணி பீரோவுக்குப் பின்னால் கட்டைவிரல் நுழையும் அளவு ஒரு துளை. அதன் வழியாகக் கம்பி எரிந்த கரும்புகை உள்ளே இறங்கியது. மூடிய சன்னல், மூடிய கதவு, மூடிய கண். தையல்காரம்மா கதவை இடித்து இடித்து, மூன்றாம் வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டுப் பூட்டை உடைத்து, அத்தானைக் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. இன்னும் அவருக்குக் குரல் திரும்பவில்லை.

விசாரிக்க வந்த தீயணைப்பு அதிகாரி பீரோவை நகர்த்தினார். துளையைக் கண்டார். அதில் கருகிய செய்தித்தாளும் மேலே பூசிய சுண்ணாம்புப் பொடியும் இருந்தன.

“இந்த ஓட்டைய யாரும்மா போட்டது?” என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“கேபிள்காரர் போட்டிருப்பாருங்க,” என்றாள்.

அதிகாரி எழுதிக்கொண்டார். அன்று முதல் கேபிள்காரர் இந்த வாசலைத் தாண்டவில்லை. அவரை இனி கட்டடத்துக்குள் விடுவதில்லை என்பது இன்றைய கூட்டத்தின் இரண்டாம் தீர்மானம். அதே கூட்டத்தின் முதல் தீர்மானம் எனக்குப் பாராட்டு.

அவைத்தலைவர் அவர்களே, அந்தத் துளையைப் போட்டவன் நான்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. படுக்கையறையிலும் டிவி வேண்டும் என்றார் அத்தான். கேபிள்காரரைக் கூப்பிட்டால் நடைபாதையைச் சுற்றி முறையாக இழுப்பார், இரண்டு நாளாகும். “அவர் எதுக்கு, நான் இல்லையா?” என்றேன். கம்பி அறைச் சுவரில் ட்ரில்லை வைத்தேன், நேராகக் கேபிளை இழுத்து ஐந்து நிமிடத்தில் முடித்தேன். பசை டப்பா வேலையிடத்தில் இருந்தது. அன்றைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்தேன். மேலே வெள்ளையாக இருக்கட்டும் என்று சுண்ணாம்புப் பொடி பூசினேன். “அடுத்த ஞாயிறு வந்து சரியா அடைக்கிறேன்க்கா,” என்றேன்.

எத்தனை ஞாயிறு வந்தது? இருநூறு வந்தது. அத்தனை ஞாயிறும் அந்த வீட்டில் சாப்பிட்டேன். அந்தப் பீரோவுக்கு எதிரில் உட்கார்ந்து டிவி பார்த்தேன். ஊரார் சுவரில் தேதி போட்டுச் சீட்டு ஒட்டிய கை, உடன்பிறந்தவள் சுவரில் செய்தித்தாள் திணித்தது. வேறு யாராவது செய்திருந்தால் தெரியாமல் செய்தார் என்று சொல்லலாம். எனக்கு அந்த வழி இல்லை. இந்தக் கட்டடத்தில் அந்தத் துளை என்ன செய்யும் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

பிறகு, பழி இன்னொருவர் தலையில் விழுவதைப் பார்த்துக்கொண்டு இருபது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது. இன்று காலை அக்காவிடம் சொன்னேன், மேடையில் சொல்லப்போகிறேன் என்று.

“போய்ச் சொல்லிடுடா. எனக்கும் அன்னையிலேர்ந்து சோறு இறங்கலை,” என்றாள்.

பின்வரிசையில் யாரோ கேட்கிறீர்கள், துளையை இப்போதாவது அடைத்தாயா என்று. நியாயமான கேள்வி. அடைத்துவிட்டேன். கல்பஞ்சும் பசையும் வைத்து, சீட்டும் ஒட்டியிருக்கிறேன். என் பேர் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பீரோவை நகர்த்திப் பார்க்கலாம்.

ஆகவே என் விண்ணப்பம் இதுதான். முதல் தீர்மானத்தை நீக்குங்கள். இரண்டாம் தீர்மானத்தைக் கிழியுங்கள். அதிகாரிக்குப் போகிற கடிதத்தில் என் பேரை எழுதுங்கள். பிறகு உங்கள் வீட்டுக்குப் போய் உங்கள் பீரோவை நகர்த்துங்கள். உங்கள் படத்துக்குப் பின்னால், உங்கள் சமையல் மேடைக்குக் கீழே, அடுத்த ஞாயிறு என்று சொல்லி மறந்தது எது? எதைத் திணித்து எதைப் பூசியிருக்கிறீர்கள்? கண்டால் என்னைக் கூப்பிடுங்கள். என்னைக் கூப்பிட மனமில்லை என்றால் வேறு ஆளைக் கூப்பிடுங்கள். ஆனால் கூப்பிடுங்கள்.

அத்தான் எழுந்து ஏதோ சொல்கிறார். உட்காருங்கள் அத்தான், டாக்டர் பேசக் கூடாது என்றிருக்கிறார். உங்களுக்குக் கேட்டிருக்காது, நானே உரக்கச் சொல்கிறேன். “டிவி கேட்டது நான், என் பேரையும் சேர்த்து எழுது மாப்பிள்ளை,” என்கிறார். உங்கள் பேர் வேண்டாம் அத்தான். நீங்கள் டிவிதான் கேட்டீர்கள், ஓட்டை கேட்கவில்லை.

கேபிள்காரர் ஐயா, நாலு பேர் முன்னால் உங்களுக்குக் கெட்ட பேர் வந்தது. நானூறு பேர் முன்னால் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மன்னிப்பது உங்கள் விருப்பம், அவசரமில்லை. ஆனால் உள்ளே வாருங்கள். வழியில் நிற்கிறவர்கள் கொஞ்சம் ஒதுங்குங்கள். நாற்காலி இல்லையா? மேடையில் என்னுடையது காலியாகிவிட்டது, அதில் வந்து உட்காருங்கள். அந்தக் கதவிலிருந்து தோளை எடுங்கள் ஐயா, அது தானே சாத்திக்கொள்ளும்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லி, தலைகுனிந்து விடைபெறுகிறேன். வணக்கம்.