அக்கா பெயரில் நின்ற ஊசி

என் பெயர், வயது, வீட்டு முகவரி ஆகியவை முதல் தாளில் உள்ளன. நான் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து தரும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இந்த வழக்கில் விசாரிக்கப்படும் செவிலியர் என் கூடப்பிறந்த அக்கா. இதைச் சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த காவலர் நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும், மறைக்க ஒன்றுமில்லை.

சம்பவத்தன்று, முதல் மாடி நோயாளி ஒருவருக்கு ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டுவந்த ஊசியை நிறுத்தும்படி கணினியில் பதிவாகியிருக்கிறது. ஊசி நின்றது. அதன் பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. நிறுத்தியவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர் இருக்கிறது. அப்போது மூன்றாம் மாடியில் தன் நோயாளிகளின் காய்ச்சலைப் பதிந்துகொண்டிருந்தேன் என்கிறாள் அக்கா. அதே நிமிடத்தில் அவள் பதிந்த காய்ச்சல் அளவும் கணினியில் இருக்கிறது.

அதன் பிறகு நான் எங்கள் அலுவலகத்தில், அந்த மருத்துவமனைக்கு நாங்கள் செய்து தந்த மென்பொருளைப் பிரித்துப் பார்த்தேன். ஒருவர் திரையில் பொத்தானை அழுத்தினால் அந்தக் கோரிக்கை மூன்று அடுக்குகளைக் கடக்கும். முதல் அடுக்கு ஆள் யார் என்று பார்க்கும், நடு அடுக்கு அவர் அதைச் செய்யலாமா என்று பார்க்கும், கடைசி அடுக்கு பதியும். ஆளின் பெயர் அந்தந்தக் கோரிக்கையோடேயே கைமாறிப் போக வேண்டும். இதை எழுதிய புண்ணியவான் ஒவ்வோர் அடுக்கிலும் பெயரை எடுத்துக் கொடுக்கச் சோம்பல்பட்டு, எல்லாருக்கும் பொதுவான ஓரிடத்தில் வைத்துவிட்டார். வாசலில் ஒரே கரும்பலகை வைத்த மாதிரி. வருகிறவர் பெயரை அதில் எழுதுவார்கள், உள்ளே இருப்பவர் அதை எட்டிப் பார்த்துப் பதிவார். முதல் ஆளின் வேலை முடிவதற்குள் இரண்டாம் ஆள் வந்தால் பழைய பெயர் அழிந்து, முதல் ஆள் செய்தது இரண்டாம் ஆள் தலையில் விழும். ஒருவர் மட்டும் உட்கார்ந்து சோதித்தால் ஆயுசுக்கும் தெரியாது. எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் சோதித்தார்கள்.

அதன் பிறகு மேலாளரிடம் சொன்னேன். "இத்தனை நாளா நல்லாத்தானே ஓடுச்சு? அக்காங்கிறதால உனக்கு அப்படித் தோணுது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மறுநாளே அந்த இடத்தைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டார்கள்.

அதன் பிறகு காவல் நிலையத்தில் ஆய்வாளர் முன்னிலையில், பழைய நகலை இரண்டு கணினிகளில் ஓட்டிக் காட்டினேன். நான் ஊசியை நிறுத்த வேண்டும், மேற்படி காவலர் காய்ச்சலைப் பதிய வேண்டும், இருவரும் ஒரே சமயத்தில் அழுத்த வேண்டும். எத்தனை முறை அழுத்தியும் பெயர்கள் ஒழுங்காகவே வந்தன. காவலர் கொட்டாவி விட்டார். கடைசியில் ஒரு தடவை, நான் நிறுத்திய ஊசி காவலரின் பெயரில் விழுந்தது. அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"நான் காய்ச்சல் மட்டும்தானே சார் போட்டேன்!"

"எங்க அக்காவும் அதையேதான் சார் சொல்றா" என்றேன்.

ஆய்வாளர் அதைத் தாளில் குறித்துக்கொண்டார். அதன் பிறகு, "சரி தம்பி, அப்போ நிறுத்தினது யாரு?" என்றார்.

உண்மையான பெயர் அழிந்துவிட்டது, எங்கேயும் இல்லை என்றேன்.

"யாரா வேணா இருக்கலாம்னா, உங்க அக்காவாவும் இருக்கலாம்ல? அந்தக் காய்ச்சல் பதிவுல இருக்கிற பேரையும் நம்ப முடியாதே."

அந்தக் கேள்வியையும் இதில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அதன் பிறகு வெளியே வந்தேன். வராந்தா பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அதே பெஞ்சின் மறுமுனையில் அந்த நோயாளியின் மனைவி. அக்கா எழுந்து வந்து, "நான் இல்லன்னு தெரிஞ்சிருச்சாடா?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் அந்த அம்மாவும் எழுந்து வந்து, "யாருன்னு தெரிஞ்சுதா தம்பி?" என்றார். இருவருக்கும் சேர்த்து ஒரே பதில்தான் இருந்தது: தெரியாது.

மேலே உள்ளவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. அனைத்தும் நான் அறிந்த உண்மை. இவற்றைச் சொன்னது நான்தான், வேறு யாரும் இல்லை.

(ஒப்பம்)
மேற்படி செவிலியரின் தம்பி