கட்டைவிரலுக்கு இடம்

ஹலோ... ஹலோ, அக்கா? ... நான்தான், தம்பி. ... வெச்சிடாத. வெச்சிடாதன்னு சொல்றேன்ல.

ஆமா, எனக்கு வந்துச்சு. நீ விழுந்துட்டேன்னு உன் கை வாட்ச்லேர்ந்து தகவல் வந்து என் போன் அலறிடுச்சு. அப்புறம்தான் 'நல்லா இருக்கேன்'னு வந்துச்சு. ... பாத்ரூம்லயா? ... சரி, ஈரம். ... சரி சரி, வழுக்கிடுச்சு. ... ஏன்க்கா வாயில துணி வெச்சிருக்கிற மாதிரி பேசற? ... உதடு கிழிஞ்சிருக்கா? ... பல்லுமா?

எந்தப் பல்லு? ...

இல்ல, கத்தல. ... ஆபீஸ்ல இல்ல, டாக்ஸில இருக்கேன். டிரைவர் கண்ணாடியில பார்க்கிறார், பார்த்துட்டுப் போகட்டும். ... ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. வாட்ச்ல அந்த 'நல்லா இருக்கேன்' பட்டனை யார் அமுக்கினது? ... நீயா? ... எந்த விரலால? ... ஆள்காட்டி விரலா. ம்ம்.

பொய் சொல்லாதக்கா. அந்த ஸ்கிரீனை வரைஞ்சவன் நான். விரல் எங்க படுது, எவ்வளவு அகலமா படுதுன்னு பார்க்கிறதுதான் எனக்குச் சோறு போடற வேலை. நீயே அமுக்கினா விரல் நுனி கீழ்ப்பக்கத்துலேர்ந்து வரும், சின்னதா படும். இன்னிக்கு நீ விழுந்த அதே நிமிஷத்துல பதிவான விரல் எதிர்ப்பக்கத்துலேர்ந்து வந்திருக்கு. கட்டைவிரல், முழுசா. எதிர்ல நின்னு உன் மணிக்கட்டை முறுக்கிப் பிடிச்சவன் விரல் அது. ...

அக்கா? ... அழாத. ... எவ்வளவு நாளா? ... கல்யாணமானதுலேர்ந்தா?

அப்போ மயக்கம்? மயக்கம் போட்டு விழறேன்னு சொன்னியே... டாக்டர்கிட்டல்லாம் போனியே... மயக்கமே இல்லையா? ... அதை நம்பித்தானே, நீ விழுந்தா எனக்குத் தெரியட்டும்னு எங்க ஆபீஸ் வாட்ச்சைக் கொண்டுவந்து என் கையால கட்டிவிட்டேன்.

இல்ல, நீ கேளு. கேளுக்கா. ஆபீஸ்ல எங்களுக்குப் பேர் தெரியாது, விரல் பட்ட இடமும் அகலமும் மட்டும்தான் வரும். யாரோ ஒருத்தர் எப்பவும் எதிர்ப்பக்கமாவே அமுக்கறார், குறி தவறுதுன்னு தெரிஞ்சுது. பாவம், யாரோ வயசானவர், வாட்ச்சைத் தலைகீழா கட்டிக்கிறார்னு நினைச்சேன். அவருக்காகவே அந்தப் பட்டனை மேல வரைக்கும் இழுத்துப் பெருசாக்கினேன். எல்லாரும் கை தட்டினாங்க. ... ஆமா, அவன்தான். அவன் கட்டைவிரலுக்கு நான் உக்காந்து இடம் பண்ணிக் கொடுத்திருக்கேன். அதைச் சட்டுனு அமுக்கிட்டா எனக்குத் தகவலே வராது; எனக்குப் போன் வர்றதுக்குள்ள உன் வாயை மூடறதுக்கு வசதியா. இன்னிக்கு உன் ரத்தத்துல விரல் வழுக்கியிருக்கும், அதான் அமுக்கறதுக்கு முன்னாடி எனக்கு வந்துடுச்சு.

அந்த விரலை ஒடிக்கிறேன் பாரு. விரல் என்ன விரல், கையவே ஒடிச்சு அவன் கையில கொடுக்கறேன். ... நீ அவனுக்காகப் பேசாத. ... கோபம் வந்தாதான் இப்படியா? எனக்குந்தான் கோபம் வருது, நான் எவ பல்லை உடைச்சேன்? ... அவன் எங்க இப்போ? ... கடைக்கா? அப்போ கிளம்பு. பை வேண்டாம், செருப்புகூட வேண்டாம், கீழ இறங்கி நில்லு. ...

வெளியில பூட்டிட்டா போயிருக்கான்?

பால்கனியா? ... வேண்டாம். வேண்டாம்க்கா, நாலாவது மாடி. ... குதிக்க மாட்டேன்னு சொல்லு. ... தலையாட்டினா எனக்குத் தெரியாது, வாயால சொல்லு. ... ம். நல்ல பொண்ணு. போலீஸுக்குச் சொல்லிட்டேன். நானும் பக்கத்துல வந்துட்டேன். ...

என்ன சத்தம்? ... பூட்டா? வந்துட்டானா? பாத்ரூமுக்குள்ள போ. ஓடு. தாழ்ப்பாள் போடு. ... போட்டியா? ... கதவுல சாயாத, தள்ளி உக்காரு. ... கட் பண்ணாத. ... உதைக்கிறானா? ... அக்கா? ... என்ன உடைஞ்சுது? அக்கா... அக்கா...

...

ஹலோ. ... ஓ, மாமா. நான்தான் மாமா, தம்பி. ... ஆமா ஆமா, அக்கா சொன்னா. வழுக்கிடுச்சாம். ... பின்னே, பார்த்து நடக்க வேண்டாமா. ... ஆமாமா, சின்ன வயசுலேர்ந்தே அவ அப்படித்தான். ... ம்ம். ... ம்ம்.

வாட்ச்சா? ... சுவத்துல அடிச்சு உடைச்சிட்டீங்களா? ... போனா போகுது மாமா, ஆபீஸ் வாட்ச்தானே. ... அவ கையில இருக்கும்போதேவா அடிச்சீங்க? ... இல்ல, சும்மா கேட்டேன். ... கோபமெல்லாம் ஒண்ணும் இல்ல. நீங்க சொல்லுங்க. சொல்லிட்டே இருங்க, கேட்டுட்டுத்தான் இருக்கேன். ... சமையல் சரியில்லையா. சரி. ... எதிர்த்துப் பேசறாளா. சரி. ... நான் எடுத்துச் சொல்றேன் மாமா.

மூச்சா? ... ஆமா, கொஞ்சம் வாங்குது. லிஃப்ட் ஓடல மாமா. ...

எந்த லிஃப்டா? உங்க வீட்டு லிஃப்ட்தான்.

போனை வைக்காதீங்க. கதவைத் திறங்க. ... தனியா வரல. செக்யூரிட்டி அண்ணன் இருக்கார், கீழ்வீட்டுக்காரர் கடப்பாரையோட நிக்கறார். ... குடும்ப விஷயம்தான், நானும் அந்தக் குடும்பம்தான். திறங்க. ... அவளை ஏன் இழுக்கறீங்க? கேக்குது எனக்கு. தலைமுடியை விடுங்க மாமா. ... விடுங்க. ... விடு. ... விடுடா நாயே, விடுறா அவளை...

அக்கா, சத்தம் போடு. ஒரே ஒரு தடவை. நீ எந்தப் பக்கம் இருக்கேன்னு தெரியணும். ... கேக்குது. கேக்குதுக்கா. வாசல்கிட்டயா கிடக்கற? ... எந்திரிக்க முடியலைன்னா ஊர்ந்தாவது கதவை விட்டுத் தள்ளி நகரு. இன்னும். இன்னும் கொஞ்சம். கதவு உள்பக்கமாத்தான் விழும்.

அண்ணே, அந்தக் கடப்பாரையை இப்படிக் கொடுங்க. ... அக்கா, போனைக் கீழ போடறேன். ரெண்டு கையும் வேணும்.