யாக்கோப்பின் இருமல்

மைக்கைச் சோதிக்கும்போது எல்லோரும் ஹலோ, ஹலோ என்பார்கள். யாக்கோப்பு மட்டும் இருமுவான். ஒரேயொரு சின்ன இருமல், அதோடு பாட்டு. மட்டக்களப்பில் எங்கள் வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் அந்த இருமலைச் செய்து காட்டுவார்கள், ஐயா.

உங்கள் மேசையில் கிடக்கும் சீடி அவனுடையதுதான். யாக்கோப்பின் ஹிட் பாட்டுகள், மொத்தம் பன்னிரண்டு. அவன் இறந்த முப்பத்தோராம் நாள் பூசைக்கு வருபவர்களுக்கு நினைவு மலருக்குப் பதிலாக இதைக் கொடுப்போம் என்று அவன் மனைவி மார்கிறட்டிடம் சொன்னவன் நான். பழைய டேப்புகளில் இரைச்சலை எடுத்தது, பாட்டுகளை வரிசைப்படுத்தியது, அட்டைக்குப் படம் தேடியது எல்லாம் நான்தான். முதல் பாட்டுக்கு முன்னால் அந்த இருமலை வைத்தேன். மண்டபத்தில் அது கேட்டதும் பெண்கள் அழுதுவிட்டார்கள்.

வாழைச்சேனைக் காகித ஆலைக் கிளப்பில் நாங்கள் முதன்முதல் ரொக் அண்ட் ரோல் போட்டபோது இருவருக்கும் மீசை சரியாக முளைக்கவில்லை. அவன் பாடுவான், ஆடுவான். மெட்டும் கிற்றாரும் என்னுடையவை. சனம் அவன் பேரைத்தான் கத்தும். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. யாராவது மெட்டைப் பற்றிக் கேட்டால் என்னைக் கை காட்டுவான், அது போதும். பிறகு நான் கிற்றாரை வைத்துவிட்டுச் சவுண்ட் செற் வாடகைக்கு விடத் தொடங்கினேன். அவன் மேடையை விடவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து பிழைத்த பின் ஒரு பெந்தகொஸ்தே சபையில் சேர்ந்தான். மார்கிறட் சேரவில்லை, பழைய கத்தோலிக்கக் கோயிலிலேயே நின்றுகொண்டார். அவன் சேர்ந்தால் சேரட்டும். ஆனால் ஊர் ஊராகப் போய், தான் மனந்திரும்பிய கதையைச் சாட்சி சொல்லத் தொடங்கினான். தான் பாடியதெல்லாம் சாத்தான் போட்ட மெட்டு என்றான். மெட்டுப் போட்டது யாரென்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மீன் வாங்கப் போன இடத்தில் ஒருவன் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து வாலைத் தேடினான். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை. இத்தனை வருடம் கூட இருந்தவன் இப்படிக் கழுத்தறுப்பான் என்று நான் நினைக்கவேயில்லை.

நேரில் போய்க் கேட்டேன். "என்ன செய்யச் சொல்றாய் மச்சான், எனக்கு என்ட ஆத்துமா முக்கியம்" என்றான். தனக்கு ஞானஸ்நானம் நடக்கிற அன்று டேப்புகளைக் கொண்டுவா, வாவிக்கரையிலேயே எரித்துவிடுவோம் என்றான். சவுண்ட் செற்றும் நானே போட வேண்டுமாம். சரி என்றேன்.

பெட்டியில் நான் கொண்டுபோனது வெற்று டேப்புகள். பாட்டுகள் என் வீட்டில் பத்திரமாகத்தான் இருந்தன. ஆகவே, பாட்டுக்காகச் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். என் மெட்டுகளைப் பாடிய வாயே என்னைச் சாத்தான் என்றது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தச் சபையில் வாவியில் முழுக்கித்தான் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். முழுகி எழும்பியவர் ஈர உடுப்போடு நேரே மைக்குக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டும். பாஸ்டரின் கையில் வயரில்லாத மைக் இருந்தது. ஸ்டாண்டில் மைக் வைத்தது யாக்கோப்புக்கு மட்டும். அந்த ஸ்டாண்டில் கரண்ட் இருந்தது. எப்படி என்பதை உங்கள் பொலிஸ் மின்சாரக்காரர் எழுதித் தந்திருப்பார். அவன் மகள் டினுஷாவின் போன் வீடியோவில் நான் குனிந்து வேலை செய்வது தெரிகிறது என்கிறீர்கள். தெரியட்டும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். யாக்கோப்பு பேசும்போது ஸ்டாண்டைத் தொடவே மாட்டான், கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். பாடும்போது மட்டும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பான். பாட்டே வேண்டாம் என்று சத்தியம் செய்தவனுக்கு அந்த ஸ்டாண்டால் என்ன ஆபத்து? சாட்சி சொல்லிவிட்டுப் போயிருந்தால் இன்றைக்கும் இருப்பான். முடிவை நான் அவனிடம்தான் விட்டேன்.

அவன் என்ன பேசினான் என்று வீடியோவில் கேட்கவில்லை, உண்மைதான். என் ஸ்பீக்கர்ப் பெட்டியிலேயே இன்னொரு முறை என்னைச் சாத்தான் என்று சொல்ல விடக்கூடாது என்று அவன் மைக்கின் சத்தம் வெளியே போகாமல் மூடி வைத்திருந்தேன். சபையார் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்ததால் அவன் அதைக் கவனிக்கவில்லை. மிக்சரில் மட்டும் பதிவானது. ஹெட்போனில் நான் கேட்டேன்.

முதலில் இருமினான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். "மெட்டெல்லாம் என்ட நல்லரத்தினம் போட்டது. அவனச் சாத்தானாக்கினது நான் செய்த பாவம். டேப்ப எரிக்க வேணாம். மன்னிச்சிக்க மச்சான். இப்ப உன்ட பாட்டொண்டு பாடப் போறன்."

ஸ்விட்ச் என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவன் கட்டிய கையைப் பிரித்து, முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்து, ஸ்டாண்டுக்கு நீட்டும் வரைக்கும் நேரமும் இருந்தது. ஊரெல்லாம் கேட்கும்படி பழித்துவிட்டு, ஒருவருக்கும் கேட்காமல் மன்னிப்புக் கேட்டால் அது என்ன மன்னிப்பு என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவன் பிடித்துவிட்டான்.

முப்பத்தோராம் நாள் மார்கிறட் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "கடைசியா அவர் என்ன சொன்னவர், அண்ணன்?"

இருமினான், அவ்வளவுதான் என்றேன். அது பொய்யில்லை. சீடியின் தொடக்கத்தில் இருப்பது அந்த இருமல்தான். பழைய டேப்புகளில் இவ்வளவு தெளிவாக ஒன்று கிடைக்கவில்லை. அதற்குப் பின்னால் வந்ததை வெட்டிவிட்டேன். போட்டுக் கேளுங்கள் ஐயா, வெட்டின இடமே தெரியாது.